விடுமுறையில் வீட்டுப் பெரியவர்களின் கதையைப் பதிவு செய்தல் தொடர்பாக

8, 9ஆம் வகுப்பு மாணவ மாணவியரின் பெற்றோருக்கு,

வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு விடுமுறைக்கு இம்முறை எழுத்து வேலை எதுவும் தரவில்லை. வீட்டிலோ தெருவிலோ உள்ள மூத்தவர் ஒருவரிடம் உட்கார்ந்து, அவர் வாழ்ந்த கதையை அவருடைய பேச்சிலேயே கைப்பேசியில் பதிந்துவருமாறு பிள்ளைகளிடம் கூறியிருக்கிறோம்.

1964 டிசம்பர் 22 இரவில் வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்ததையும், பாம்பனிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டோருடன் சென்ற ரயிலை அலை கொண்டுபோனதையும் நம் தீவின் பிள்ளைகள் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். ஆனால், ரயில் நிலையமும் சுங்க அலுவலகமும் தபால் நிலையமுமாக, தலைமன்னாருக்குக் கப்பல் ஏறும் துறையாக இருந்த அந்த ஊரில் ஒரு சாதாரண நாள் எப்படி விடிந்தது என்று கேட்டால் விழிக்கிறார்கள். அதைச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். அன்று சிறுபிள்ளைகளாக இருந்தவர்களே இன்று எழுபதை ஒட்டிய வயதினர்.

சென்ற ஆண்டு இதையே கட்டுரையாக எழுதிவரச் சொன்னது என் தவறு. வந்த நோட்டுகளில் பெரும்பாலானவை ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை போலவே இருந்தன. ஒரு மாணவி மட்டும், புயலுக்குப் பிறகு தன் அப்பத்தா கணுக்கால் வரை தொங்கிய ஆண்பிள்ளைச் சட்டை ஒன்றையே ஒரு வாரம் உடுத்தியிருந்ததாகவும், அதன் பையில் யாருடையதோ நனைந்த பீடிக்கட்டு இருந்ததாகவும் எழுதியிருந்தாள். பள்ளிக் கட்டுரையில் பீடி எதற்கு என்று அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்தவன் நான்தான். அந்த நோட்டு முழுவதிலும் இன்றுவரை என் நினைவில் நிற்பது அந்த ஒரு வரியே.

ஆகவே, பெரியவர் பேசும்போது, 'அது அந்த வருஷமில்லை அம்மா' என்று நீங்கள் நடுவில் திருத்த வேண்டாம். ஆண்டு பிசகினால் பிறகு சரிபார்த்துக்கொள்ளலாம். அவர் பேச்சை நிறுத்தினால், பிள்ளை அடுத்த கேள்விக்குத் தாவாமல் சற்றுக் காத்திருக்கட்டும். எத்தனை பேர் இறந்தார்கள் என்பதைவிட, அன்று இரவு வீட்டில் என்ன சமைத்தார்கள் என்ற கேள்விக்கு நீண்ட பதில் வரும்.

புயலைப் பற்றித்தான் பேச வேண்டும் என்பதில்லை. கரைவலை இழுத்தவர், மூச்சடக்கி மூழ்கிப் பாசி எடுக்கும் அம்மாச்சி, வாடை, கச்சான், சோளகம், கொண்டல் என்று காற்றுக்குக் காற்று தொழில் மாறும் விதம் அறிந்தவர், 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவர், பின்னாளில் போருக்குத் தப்பிப் படகேறி வந்தவர் என யாருடைய கதையானாலும் சரி. நினைக்கவே வலிக்கும் சங்கதியைச் சொல்ல மறுப்பவரை வற்புறுத்தக் கூடாது என்று மட்டும் பிள்ளையிடம் சொல்லி அனுப்புங்கள்.

மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதியுங்கள். சென்ற மாதம் சோதனைக்காக நாங்கள் பதிந்ததில் பாதி நேரம் விசிறிதான் பேசியது. தொடக்கத்திலேயே பெரியவரின் பெயர், பிறந்த ஊர், பதியும் தேதி ஆகியவற்றைப் பிள்ளை சொல்ல வேண்டும். பள்ளியில் வைத்துக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டு, அந்தப் பதிலும் பதிவில் இருக்க வேண்டும். சம்மதமில்லையெனில் அது உங்கள் வீட்டோடு இருக்கட்டும், மதிப்பெண் குறையாது. எந்தப் பதிவையும் வாட்ஸ்அப் குழுக்களில் போட வேண்டாம்.

ஜனவரியில் பள்ளி திறக்கும் நாளன்று மெமரி கார்டிலோ பென் டிரைவிலோ கொடுத்தனுப்பினால், நகலெடுத்துக்கொண்டு அன்று மாலையே திருப்பித் தருவோம். கைப்பேசி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொன்னால், விடுமுறையில் ஒருநாள் நாங்களே வீட்டுக்கு வந்து பதிந்து தருகிறோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்