கிளட்ச் மாற்றப் போகும் மகனுக்கு

அன்புள்ள தம்பி,

மண் தோண்டும் பழைய பேக்ஹோ வண்டிக்கு நீயே கிளட்ச் மாற்றப் போவதாக எழுதியிருந்தாய். தாராளமாகச் செய், உன்னால் முடியும். ஆனால் ஸ்பேனரை எடுக்கும் முன் பெடலைக் கையால் அழுத்திப் பார். தொடக்கத்தில் கொஞ்ச தூரம் சும்மா இறங்க வேண்டும். அந்த ஆட்டம் இல்லையென்றால் பெடலை மிதிக்கும்போது கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங், கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோடு (இன்ஜின் சுழற்றும் கனமான சக்கரம்) அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் விரல்களை எந்நேரமும் அழுத்திக்கொண்டிருக்கும். நல்ல பிளேட்கூட வழுக்கும். பெடலையும் கிளட்சையும் இணைக்கும் லிங்கேஜைச் சரிசெய்தாலே தீர்ந்துவிடலாம். அப்படியும் மேட்டில் இன்ஜின் உறுமி, வண்டி நகராமல், கருகல் வாடை வந்தால் பிரிக்கத்தான் வேண்டும்.

பிரிப்பது என்றால் இன்ஜின் ஒரு பக்கம், கியர்பாக்ஸ் ஒரு பக்கம் என்று வண்டியே இரண்டாகும். எனக்குக் கவலையெல்லாம் அந்த எடையைப் பற்றித்தான். பக்கெட்டையும் தோண்டும் கையையும் தரையில் இறக்கி, இன்ஜினை நிறுத்தியபின் லீவர்களை எல்லாப் பக்கமும் அசைத்து ஹைட்ராலிக் அழுத்தத்தை வெளியேற்று. பிறகே பைப்பைத் தொடு. கசிவு இருந்தால் விரலால் தடவிப் பார்க்காதே; அழுத்தத்தில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பேட்டரி வயரை முதலிலேயே கழற்றிவிடு. முன் பக்கெட்டைத் தாங்கும் லோடர் சட்டம் இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்திருந்தால் அதையும் விடுவிக்க வேண்டும்.

முன் அச்சு நடுவில் ஒரு பின்னில்தான் ஊசலாடுகிறது. பிரித்த மறுகணமே இன்ஜின் பக்கவாட்டில் சாயும். அதனால் அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு பக்கமும் மர ஆப்பு அடித்து இறுக்கு. கனமான பின்பாதி அசையாமல் உறுதியான ஸ்டாண்டில் நிற்கட்டும். முன்பாதியை உருட்டி நகர்த்து. வெறும் ஜாக்கியை நம்பி அடியில் கையை விடாதே தம்பி. இதை மட்டும் எனக்காகக் கேள்.

உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதே. பழைய பிளேட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். முகமூடி போட்டு, ஈரத்துணியால் துடை. பிளேட்டில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் இன்ஜினின் பின்பக்க ஆயில் சீலோ கியர்பாக்ஸின் முன்பக்க சீலோ போயிருக்கலாம். புது பிளேட் மட்டும் போட்டு மூடினால் அதுவும் நனைந்து வழுக்கும். இவ்வளவு பிரித்தபின் சீல், ஷாஃப்ட் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங், ரிலீஸ் பேரிங் மூன்றையும் மாற்றிவிடுவதே புத்திசாலித்தனம். ஃப்ளைவீலில் நீலத் திட்டு, மயிரிழை விரிசல், பள்ளம் இருக்கிறதா என்று வெளிச்சம் அடித்துப் பார். லேசானது என்றால் லேத்தில் கொடுத்துச் சீவலாம். விரிசல் ஆழமாக ஓடியிருந்தால் அந்த ஃப்ளைவீலே வேண்டாம்.

பழைய பிளேட் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று கழற்றும்போதே போட்டோ எடுத்துக்கொள். திருப்பிப் போட்டால் மறுபடி எல்லாம் பிரிக்க வேண்டியதுதான். புது பிளேட்டை அலைன்மென்ட் ராடு செருகி நடுவில் நிறுத்தி, பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கு. ஷாஃப்ட்டில் பிளேட் கோத்து நிற்கும் பல்வரிகளான ஸ்பிளைனில் துளி கிரீஸ் போதும். அதிகமானால் சுழலும்போது தெறித்து பிளேட்டில் படும்.

சேர்க்கும்போதுதான் பொறுமை போகும். ஷாஃப்ட் ஸ்பிளைனில் இறங்காவிட்டால் ஃப்ளைவீலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே தள்ளு. இடைவெளி தெரிகிறதே, போல்ட் போட்டு இழுத்துவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். பிளேட்டின் நடுப்பகுதி வளைந்துவிடும், கிளட்சை மூடியிருக்கும் ஹவுசிங்கில் போல்ட் போடும் காதே உடைந்தாலும் உடையும். இரண்டு முகமும் தானாக ஒட்டி உட்கார்ந்த பிறகே போல்ட்டை இறுக்க வேண்டும்.

கடைசியில் பெடல் ஆட்டத்தை மேனுவலில் உள்ள அளவுக்கு வை. புது பிளேட் படிய ஆரம்பித்ததும் அது குறையும். சில நாள் ஓட்டியபின் மறுபடி அளந்து சரிசெய்.

மூடுவதற்கு முன் ஃப்ளைவீலையும் சீலையும் போட்டோ எடுத்து அனுப்பு. ராத்திரி எத்தனை மணியானாலும் போன் பண்ணு, விழித்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா