மைக்கை வாங்கிவிடாதீர்கள்

அரசுப் பள்ளித் தமிழாசிரியர்களுக்கு வணக்கம்.

பேச்சுப் போட்டி என்று வந்தால் ராத்திரி உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதிக் கொடுப்பவர்கள் நீங்கள்தான். எட்டாம் வகுப்பில் எனக்கும் ஓர் ஆசிரியர் அப்படி எழுதித் தந்தார். ‘அவையோர் அனைவருக்கும் முதற்கண் வணக்கம்’ வரை சரியாக வந்தது. நான்காவது வரியில் ஒரு சொல் மறந்தது, அதோடு மொத்தமும் போனது. காது அடைத்து, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. யாரோ மைக்கை வாங்கி, ‘சரி, அடுத்தது’ என்றார். அப்புறம் இருபது வருடம் நான் மேடைப் பக்கமே போகவில்லை.

மனப்பாடத்தில் இதுதான் சிக்கல். பதற்றம் வந்தால் முதலில் கைவிடுவது அதுதான். தனக்குத் தெரிந்ததைப் பேசும் பிள்ளைக்கு ஒரு சொல் மறந்தால் இன்னொன்று கிடைத்துவிடும்.

இப்போது ஞாயிறுதோறும் எங்கள் ஊர் நூலகத்தில் பிள்ளைகளைப் பேச வைக்கிறேன். ஏழாவது படிக்கும் ஒரு பையன் மூன்று வாரம் வாயே திறக்கவில்லை. ‘தலைப்பெல்லாம் வேண்டாம், உங்க வீட்டு ஆட்டைப் பத்திச் சொல்லு’ என்றேன். தாயில்லாத குட்டிக்குப் புட்டிப்பால் எப்படிக் கொடுப்பது, தலையை ரொம்பத் தூக்கினால் எப்படிப் புரையேறும் என்று கையால் காட்டிக் காட்டி ஆறு நிமிடம் பேசினான். கால் நடுங்கியதாகப் பிறகு அவனே சொன்னான். எங்களில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. நம் நடுக்கம் நமக்குத் தெரிகிற அளவுக்கு எதிரே இருப்பவருக்குத் தெரியாது. இதைச் சொன்னதும் அவன் முகம் தெளிந்ததைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

‘பகையகத்துச் சாவார் எளியர் அரியர் அவையகத்து அஞ்சா தவர்’ என்கிறது குறள். போர்க்களத்தில் சாகத் துணிபவர் பலர், சபையில் அஞ்சாதவர் சிலரே. ‘அவையஞ்சாமை’ என்று 73ஆவது அதிகாரமே இதற்காக இருக்கிறது. அத்தனை பெரிய பயத்தை வருடத்தில் ஒரே நாளில், ஒரே மேடையில் தாண்டச் சொல்கிறோமே!

உங்கள் பாடவேளையில் ஐந்து நிமிடம் கொடுங்கள். நாளுக்கு இரண்டு பேர் பேசினால், 40 பேர் உள்ள வகுப்பில் நான்கு வாரத்தில் எல்லோருக்கும் முறை வந்துவிடும். முதல் சுற்றில் இருந்த இடத்திலேயே எழுந்து பேசட்டும். அடுத்த சுற்றில் கரும்பலகை அருகே. அதற்குப் பிறகு காலை வழிபாட்டுக் கூட்டம். ஊர்ப் பேச்சு வந்தால் வரட்டும். ‘பளம் இல்ல, பழம்’ என்று நடுவில் திருத்தாதீர்கள். முடிந்தபின் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம்.

தமிழ் வளர்ச்சித் துறை நடத்தும் போட்டிகளுக்கு எப்போதும் போகிற அதே இருவரே போகட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. மற்ற 38 பேருக்காகத்தான் எழுதுகிறேன்.

ஒரு பிள்ளை நடுவில் நின்றுபோனால் மனதுக்குள் பத்து எண்ணுங்கள். பிறகு, ‘கடைசியா சொன்னதை இன்னொரு தடவை சொல்லுப்பா’ என்று கேளுங்கள். எங்கள் நூலகத்தில் பெரும்பாலான பிள்ளைகள் அங்கிருந்தே தொடர்ந்துவிடுகிறார்கள்.

அன்புடன்,
அரசுப் பள்ளியில் படித்த ஒருவன்