பர்லியாறில் வாங்கிய பழம் குறித்துச் சித்திக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சித்திக்கு வணக்கம்.

குன்னூருக்குக் கீழே மலைச்சரிவில் உள்ள பர்லியாறின் சாலையோரக் கடையில் வாங்கியதாக நீங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது மங்குஸ்தான் பழம்தான்.

கருஞ்சிவப்புத் தோலையும் காம்படியில் தடித்திருக்கும் நான்கு இதழ்களையும் பார்த்து, இது குடம்புளியின் உறவாக இருக்குமோ என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் ஊகம் சரியே. இரண்டும் ஒரே பேரினம். ஆனால் குடம்புளி மஞ்சளாகப் பழுக்கும், பூசணியைப் போல வரிவரியாகப் பள்ளம் விழுந்திருக்கும். ஐயம் தீர, பழத்தைக் கவிழ்த்து அடிப்புறத்தைப் பாருங்கள். பூவின் சூலகமுடி, அதாவது மகரந்தம் ஏற்கும் நுனி, அங்கே காய்ந்து, சிறு மலரின் வடிவில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் எத்தனை மடல்கள் உள்ளனவோ, உள்ளே அத்தனை வெண்சுளைகள் இருக்கும். உங்கள் இரண்டாவது படத்தில் ஆறு மடல்கள் தெளிவாகத் தெரிகின்றன. கத்தி சுளையில் படாதவாறு தோலை மட்டும் சுற்றிக் கீறித் திருகி, எண்ணிப் பாருங்கள். தோலின் சாறு புடவையில் பட்டால் கறை எளிதில் போகாது.

விதை போட்டு வளர்க்கலாமா என்ற கேள்விதான் எனக்குப் பெரும் மகிழ்ச்சி தந்தது. பெரிய சுளைகள் ஒன்றிரண்டில் மட்டுமே விதை இருக்கும். அது மகரந்தச் சேர்க்கையால் உண்டாவதன்று. தாய்மரத்தின் திசுவிலிருந்தே உருவாவதால், கன்று ஏறத்தாழத் தாயைப் போன்றே பழம் தரும். கொய்யா விதையை நம்பி அப்படிச் சொல்ல முடியாது. ஆயினும் இவ்விதை உலர்ந்தால் முளைப்புத் திறனை இழந்துவிடும். சதையைக் கழுவி, ஈரம் காயாமல் வைத்து, விரைவில் ஊன்றிவிட வேண்டும்.

குன்னூர் வீட்டில் மட்டும் வைக்காதீர்கள் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். மலாய்த் தீவுகளின் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் பழகிய இம்மரத்தின் வளர்ச்சி 20 டிகிரிக்குக் கீழே மந்தமாகிவிடும். ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில், மார்கழிக் குளிரில் அது செழிக்காது. 1900-இல் தொடங்கப்பட்ட கல்லாறு அரசுப் பண்ணையிலும் பர்லியாறு பண்ணையிலும் மங்குஸ்தான் காய்ப்பதற்கு, மலையின் கீழ்ச்சரிவில் கிடைக்கும் வெப்பமும் ஈரமுமே காரணம். வீட்டு வேலியில் ஏதாவது பழம் வேண்டுமென்றால், தாட்பூட் (பேஷன் ஃப்ரூட்) கொடி அங்கே நன்றாகப் படரும்.

மங்குஸ்தானுக்கு ஏற்ற இடம் பர்லியாறில் மாமாவின் பாக்குத் தோப்புதான். முதல் சில ஆண்டுகள் கன்றுக்கு வேண்டிய நிழல் பாக்கு மரங்களடியில் இயல்பாகவே கிடைக்கும். ஓடைப்பக்கம் என்பதால் கோடையிலும் மண் காயாது. ஆணிவேர் நீண்டு இறங்கும், பக்கவேர்களோ மிகக் குறைவு. ஆகையால் ஆழமான பையில் முளைக்கவைத்து, வேர் அசையாமல் ஒரே முறை இடம் மாற்றச் சொல்லுங்கள். காய்ப்புக்கு வர ஏழு முதல் பத்து ஆண்டுகள் வரை ஆகலாம் என்பதை மாமாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

மீதமுள்ள பழங்களை இன்றே உண்டு, விதைகளை ஈரத் தேங்காய் நாரில் பொதிந்து, நாளைக் காலைப் பேருந்தில் மாமாவுக்குக் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்காள் மகன்