திருப்பணி நிறைவு அறிக்கை: கோயில் பாதுகாப்புப் பணிகள், 2022–2025

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கு வணக்கம்.

வேலி, தானியங்கி கேட், முன்வாசல் கதவுகள், ஜன்னல் கண்ணாடிகளுக்குப் பாதுகாப்புப் படலம், கார் நிறுத்துமிடத்தில் விளக்குகள், கேமராக்கள் எல்லாம் முடிந்து இறுதிக் கணக்கும் ஏற்கப்பட்டுவிட்டது. ஆனால் சென்ற பொதுக்குழுவில் எங்களைப் பார்த்துக் கேட்கப்பட்டவை வேறு கேள்விகள்: அரசாங்கப் பணம் எதற்கு, ராஜகோபுர நிதியை ஏன் தொட்டீர்கள், மானியத்துக்கு மேல் ஏன் செலவானது? அவற்றுக்குப் பதில் சொல்லவே இந்த அறிக்கை.

கோயிலுக்கு அரசாங்கப் பணம் எதற்கு என்று சில பெரியவர்கள் வருத்தப்பட்டார்கள். 2012 ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஓக் க்ரீக் சீக்கிய குருத்வாராவில் நடந்த துப்பாக்கிச் சூட்டை நாங்கள் மறக்கவில்லை. சனிக்கிழமை நம் தமிழ்ப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் பூட்டில்லாத பின்கதவு வழியாகத்தான் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். அமெரிக்க அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபீமா, லாப நோக்கற்ற அமைப்புகளுக்குத் தரும் பாதுகாப்பு மானியம் சர்ச், மசூதி, யூத ஆலயம், கோயில் எல்லாவற்றுக்கும் பொது. நம் பங்காக ஒரு தொகை போட வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் இல்லை. சன்னிதியையோ பூஜையையோ அது தொடுவதில்லை. கதவு, வேலி, கேமரா போன்ற பாதுகாப்பு வேலைகளுக்குத்தான் அது.

2022-இல் போட்ட முதல் விண்ணப்பம் தோற்றது. தவறு எங்களுடையது. பயமாக இருக்கிறது என்று நான்கு பக்கம் எழுதினோமே தவிர, எந்தக் கதவு பலவீனம், அதற்கு எந்தப் பொருள் தேவை என்று இணைத்துக் காட்டவில்லை. மறு வருடம் உள்ளூர் போலீஸ் அதிகாரி ஒருவரை அழைத்துக் கோயிலைச் சுற்றிக் காட்டி, அவர் சொன்ன ஒவ்வொரு குறைக்கும் எதிரே ஒரு பொருளும் ஒரு விலையும் எழுதினோம். அந்த ஆண்டு நாடு முழுவதற்கும் ஒதுக்கப்பட்டது 30.5 கோடி டாலர், ஓர் இடத்துக்கு உச்ச வரம்பு 1,50,000. மாநில அலுவலகம் வழியாக நாங்கள் கேட்ட 1,42,000 டாலரும் கிடைத்தது.

ராஜகோபுர நிதியைத் தொட்டது பற்றி: இந்த மானியம் முன்கூட்டி வருவதில்லை. நாம் செலவழித்து, இன்வாய்ஸும் காசோலை நகலும் அனுப்பினால்தான் திரும்பி வரும். வங்கிக் கடனுக்கு வட்டி கட்டுவதைவிட நிதியிலிருந்து கைமாற்றாக எடுப்பது மேல் என்று செயற்குழு தீர்மானித்தது. தீர்மானம் மினிட்ஸ் புத்தகத்தில் இருக்கிறது. எடுத்தது 1,57,300 டாலர். அது ஒரு டாலர் குறையாமல் நிதிக்குத் திரும்பிவிட்டது.

மானியத்துக்கு மேல் போன 15,300 எப்படி வந்தது? சுற்றுச்சூழல், வரலாற்றுச் சின்ன ஆய்வு முடியும் முன் ஒரு குழிகூடத் தோண்டக் கூடாது என்பது விதி. அதற்குக் காத்திருந்த ஐந்து மாதத்தில் கேட் விலை 6,900 ஏறியது. மீதி 8,400 கேமராவால் வந்தது.

கேமராவுக்கு வந்த மூன்று கொட்டேஷன்களில் குறைந்தது 31,000. கொடுத்தவர் நம் கோயிலுக்கு அன்னதானம் செய்பவர். 5,000 முன்பணம் கொடுத்தோம். பெட்டிகள் வந்து இறங்கியபோது, மேலே இருந்த பெயர் யாருக்கும் தெரியாததாக இருக்கவே, குழுவிலுள்ள எஞ்சினியர் மாடல் எண்ணை வைத்து இரண்டு இரவு தேடினார். உள்ளே இருந்தது, 2019 ராணுவ நிதிச் சட்டத்தின் 889-ஆம் பிரிவு பெயர் சொல்லித் தடுத்த ஐந்து சீன நிறுவனங்களில் ஒன்றின் கேமரா. அதை ஃபெடரல் பணத்தில் வாங்க முடியாது. “மேலே பெயர் வேறதானே சார், யார் பிரிச்சுப் பார்க்கப் போறாங்க?” என்றார் கொட்டேஷன் கொடுத்தவர். நாங்கள் சம்மதிக்கவில்லை. தணிக்கையில் பிடிபட்டால் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டுவதோடு, அடுத்த முறை எந்த மானியத்துக்கும் தலைநிமிர்ந்து போக முடியாது. பக்தர்தானே, விட்டுக்கொடுங்கள் என்று எங்களிடம் பேசியவர்கள் பலர். பக்தர் என்பதால்தான் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு மூன்று மாதம் கடிதம் எழுதியதோடு நிறுத்தினோம், வக்கீலிடம் போகவில்லை. 3,000 திரும்பியது. வராத 2,000-ஐ செயற்குழுவினர் ஆறு பேர் பகிர்ந்து கட்டினோம்; கோயில் கணக்கில் அது ஏறவில்லை. அடுத்த கொட்டேஷன் 39,400. அதைத்தான் மாட்டியிருக்கிறோம். அந்த முடிவை இன்று எடுக்கச் சொன்னாலும் இதையே எடுப்போம்.

15,300-ஐத் தீர்த்துவைத்தவர்கள்: வெள்ளிக்கிழமை அபிஷேகக் குழு, மடப்பள்ளி மகளிர், விநாயகர் சதுர்த்திப் பிரசாதக் கடையில் நின்ற இளைஞர்கள், திருப்புகழ் வகுப்பு மாணவர்கள், தமிழ்ப் பள்ளிப் பெற்றோர், பெயர் வேண்டாம் என்ற மருத்துவத் தம்பதி, ஓய்வூதியத்திலிருந்து மாதம் 50 டாலர் கொடுத்துவந்த ஒரு பாட்டியம்மா. முழுப் பட்டியல் கொடிமரத்தருகே ஒட்டப்பட்டுள்ளது. யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் பொருளாளரிடம் சொல்லுங்கள்.

கோப்புகளை இறுதி அறிக்கையிலிருந்து மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். அலுவலக அலமாரியின் இரண்டாம் தட்டில் இருக்கின்றன. ஞாயிறு உச்சிகால பூஜைக்குப் பின் எந்த உறுப்பினரும் வந்து பார்க்கலாம்.

செயற்குழுவுக்காக,
செயலாளர்