தோள்சீலைப் பாடத்தை திரும்ப சேருங்க: பாடப்புத்தகக் குழுவுக்கு ஒரு மடல்

என்சிஇஆர்டி பாடப்புத்தகக் குழுவுல இருக்குறவங்களுக்கு வணக்கம்.

நாகர்கோவில் பக்கத்துல இருந்து எழுதுறேன். ஒன்பதாம் கிளாஸ் வரலாறு புக்குல உடையோட சமூக வரலாறுன்னு ஒரு பாடம் இருந்துச்சு, எங்க ஊருப் பெண்கள் மாரை மறைச்சு தோள் மேல போடுற துணிக்கு உரிமை கேட்ட தோள்சீலைப் போராட்டம் அதுலதான் வந்துச்சு. 2016ல சிபிஎஸ்இ அந்தப் பகுதியில கேள்வி வராதுன்னு சொல்லிச்சு, 2019ல நீங்க முழுப் பாடத்தையே தூக்கிட்டீங்க. பிள்ளைங்களுக்கு சுமை குறையணும்னு சொன்னீங்க. எங்க பாட்டிமார் அடி வாங்கி சுமந்தது இந்தப் பிள்ளைங்களுக்கு சுமையா?

அந்தக் காலத்துல எங்க பகுதி திருவிதாங்கூர் ராஜ்ஜியத்துல இருந்துச்சு. நாடார் சமூகத்து ஆளுங்க குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது, தங்கம் போடக் கூடாது, பொம்பளைங்க மாரை மறைக்கக் கூடாது. அங்க பிரிட்டிஷ் பிரதிநிதியா இருந்த கர்னல் மன்றோ காலத்துல, கிறிஸ்தவத்துக்கு மாறின பெண்கள் குப்பாயம்னு ஒரு சட்டை போட்டுக்கலாம்னு அனுமதி வந்துச்சு. ஆனா அவங்க அதோட நிக்கல, குப்பாயத்துக்கு மேல தோள்சீலையும் போட்டாங்க, மேல்சாதிப் பெண்கள் போடுற மாதிரியே. இந்த இடத்தை பிள்ளைங்க நிதானமா படிக்கணும்னு நினைக்கிறேன், ஏன்னா வெறும் மானத்தை மறைக்கிறது மட்டும்தான் விஷயம்னா சட்டையோட பிரச்சனை முடிஞ்சிருக்கும்ல, அவங்க கேட்டது சமமா நிக்கிற உரிமை. அதுக்குத்தான் 1822ல மேல்சாதிக்காரங்க அவங்களைப் பொது இடத்துல வச்சு அடிச்சாங்க, துணியைக் கிழிச்சாங்க. 1829ல ராணியோட அறிவிப்பு, குப்பாயம் சரி தோள்சீலை கூடாதுன்னு. 1858, 59ல சந்தையில பெண்களோட மேலாடையை உருவினாங்க, வீடுகளைக் கொள்ளையடிச்சாங்க, சர்ச்சுகளை எரிச்சாங்க.

மெட்ராஸ் கவர்னர் ட்ரெவெல்யன் அழுத்தம் குடுத்த பிறகுதான் 1859 ஜூலை 26ல மகாராஜா உத்தரவு போட்டார். அன்னைக்கு உரிமை கிடைச்சிடுச்சுன்னு பலரும் எழுதுறாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. அந்த உத்தரவு என்ன சொல்லுதுன்னா, நாடார் பெண்கள் குப்பாயம் போடலாம், மீனவ சமூகமான முக்குவப் பெண்கள் மாதிரி முரட்டுத்துணி கட்டலாம், எப்படி வேணா மறைச்சுக்கலாம், ஆனா மேல்சாதிப் பெண்கள் மாதிரி மட்டும் உடுத்தக் கூடாது! அத்தனை வருஷம் அடிபட்ட பிறகும் அந்த ஒரு எல்லைக்கோட்டை மட்டும் ராஜ்ஜியம் அழிக்கல.

1956ல இருந்து நாங்க தமிழ்நாடு. ஆனா இது எங்க மாவட்டத்துக் கதை மட்டும் இல்ல, யாரு என்ன உடுத்தணும்னு அடுத்தவன் சொல்ற எல்லா ஊருக்கும் இது வேணும். பாடத்தைத் திரும்ப சேருங்க. சேர்க்கும்போது அந்த 1859 உத்தரவை முழுசா போடுங்க, "ஆனா"வுக்கு அப்புறம் வர்ற வரியையும் விட்டுடாம.

இப்படிக்கு,
கன்னியாகுமரி மாவட்டத்துல இருந்து ஒரு அம்மா