குருமனை நிமிர்ந்து நிற்கிறது, நன்றி

எல்லோருக்கும் வணக்கம். காற்றில் எங்கள் வீட்டுக் கூரை சேதமானது உங்களுக்குத் தெரியும், அதை மறுபடி எழுதப்போவதில்லை. நாங்கள் இருப்பது ஓக் மரச் சட்டகத்தில் கட்டிய பழைய குருமனை, முன்பு தேவாலயத்துக் குருவானவர்கள் குடியிருந்த வீடு. கூரை வேலை முடிந்துவிட்டது. முட்டுக்கொடுத்திருந்த கட்டைகளையும் எடுத்துவிட்டார்கள், வீடு அசையவில்லை. அம்மா மாடி அறைக்குத் திரும்பிவிட்டார். காற்று பலமாக அடித்தால் நான் இன்னும் எழுந்து உட்காருகிறேன், அது சரியாக நாளாகும்.

இரவோடு இரவாகத் தார்ப்பாய் கட்டியவர்கள், குரோய்டனிலிருந்து சோறும் குழம்பும் அனுப்பிய குடும்பங்கள், பிள்ளைகளைத் தன் வீட்டில் வைத்துக்கொண்ட அக்கா, பணம் அனுப்பிவிட்டுப் பெயர் சொல்லாமல் இருக்கிறவர்கள், அனுமதிக் காகிதங்களை நிரப்ப உதவிய தம்பி, எல்லோருக்கும் நன்றி. எங்கள் பெட்டிகளை அடுக்க மண்டபத்தைத் திறந்துவிட்ட குருவானவருக்குத் தனியாக ஒரு நன்றி. அவருக்கு ஊர்க்கோடியில் ஒரு சின்னச் செங்கல் வீடு. இங்கிலாந்துத் திருச்சபை பழைய குருமனைகளில் பலவற்றைப் பராமரிக்க முடியாமல் ஒவ்வொன்றாக விற்றுவிட்டது. அப்படி விற்ற ஒன்றில்தான் நாங்கள் இருக்கிறோம். அவருக்கு முன்னிருந்த குருமார் வாழ்ந்த வீட்டுக்கு அவர் உதவி செய்ய வந்தார் என்று சொன்னால் சிரிப்பார்.

ஆனால் இந்த மடலை எழுத உட்கார்ந்ததே வேறு ஒருவருக்காக. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தச்சுவேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர். யாரும் கூப்பிடவில்லை. தேவாலயத்தில் பேச்சு அடிபட்டதைக் கேட்டு வந்து கதவைத் தட்டினார். கையில் ஒரு பேனாக்கத்தியும் டார்ச்சும்.

அதற்கு முன் பார்த்துவிட்டுப் போன ஒப்பந்தக்காரர், மேற்குச் சுவரின் மரம் முழுக்கப் போய்விட்டது, எல்லாவற்றையும் வெட்டி எடுத்து இரும்பு உத்திரம் வைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். தொகையைக் கேட்டு இரண்டு பேரும் பேச்சில்லாமல் இருந்தோம். பெரியவர் மண்டியிட்டு, தூண் தூணாகக் கத்தியால் குத்திப் பார்த்தார். வெளியே கொஞ்சம் பொடிப்பொடியாக உதிர்ந்தது, அதற்கு மேல் கத்தி இறங்கவே இல்லை. வெளிமரத்தைத்தான் பூச்சி தின்றிருக்கிறது, உள்ளே வைரம் பாய்ந்த நடுமரம் அப்படியே இருக்கிறது என்றார். ஒரு தூணின் அடி மட்டும் உண்மையிலேயே அழுகியிருந்தது. அந்த அடியை வெட்டிவிட்டுப் புது ஓக் துண்டைக் கோர்த்து ஒட்டுப்போட்டால் போதுமாம். அழுகியதற்குக் காரணத்தையும் காட்டினார். போன நூற்றாண்டில் யாரோ வெளிச்சுவரில் சிமென்ட் பூசியிருக்கிறார்கள். விரிசல் வழியாக உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் மரத்திலேயே தங்கிவிட்டது. பழைய மண்சாந்தும் சுண்ணாம்பும் நனையும், காற்று வந்தால் காய்ந்துவிடும்.

அப்புறம் என்னைப் பரண்மேல் ஏற்றினார். கைமரங்கள் எல்லாம் கரிப்பிடித்துக் கறுத்திருந்தன. தீப்பிடித்த வீடோ என்று பயந்துவிட்டேன். இல்லையாம், இந்த வீடு 1400-களில் கட்டியபோது நடுவில் கூரை வரை திறந்த கூடம், தரையிலேயே அடுப்பு, புகைபோக்கி கிடையாது. புகை கூரையின் இடுக்குகளில் கசிந்து போகும். புகைபோக்கியும் மாடித்தளமும் 16-ஆம் நூற்றாண்டில் வந்தவை. குருமார் மணம் செய்துகொள்ள 1549-இல் சட்டம் இடம் கொடுத்தது, குடும்பம் வந்ததும் அறைகள் தேவைப்பட்டன என்று அவர் ஒரு கதை சொன்னார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்தில் தென்கிழக்கு இங்கிலாந்தின் கென்ட்டிலும் சசெக்ஸிலும் விவசாயிகளும் தங்கள் கூடங்களுக்கு இதையேதான் செய்தார்கள். குருவானவரின் மனைவியைவிடப் புகைக்குப் பயந்தது பெரிய காரணமாக இருக்கும் என்பது என் எண்ணம்.

ஒவ்வொரு இணைப்பிலும் உளியால் வெட்டிய ரோமன் எண்கள் இருந்தன. மரச் சட்டகத்தைத் தரையில் படுக்கவைத்துக் கோர்த்துப் பார்த்து, எண் போட்டு, பிரித்து, வண்டியில் ஏற்றி வந்து நிமிர்த்துவார்களாம். மரம் பச்சையாக இருக்கும்போதே வேலை. இரண்டு மரத்தின் துளைகளையும் வேண்டுமென்றே கொஞ்சம் விலக்கிப் போட்டு மரமுளையை அடித்தால் அது இணைப்பை இழுத்து இறுக்கிவிடும். இதைச் சொல்லிவிட்டுப் போனவர், அடுத்த வாரம் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய ஓக் முளைகளுடன் வந்தார். ரம்பத்தால் அறுக்காமல் நார்வாக்கில் பிளந்து சீவியவை, அப்போதுதான் அடிக்கும்போது முறியாது. எங்களுக்காக வீட்டில் உட்கார்ந்து சீவியிருக்கிறார். காசு வாங்கவில்லை. முறுக்கை மட்டும் வாங்கிக்கொண்டார்.

இதைப் பெரிதாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ஆல்ஃப்ரிஸ்டன் குருமனை என்று சசெக்ஸில் ஒன்று உண்டு, எங்கள் வீட்டைப் போலவே ஓக் சட்டகம், மேலே வைக்கோல் கூரை. கூடத்தின் தரை சுண்ணக்கல்லை இடித்து இறுக்கி, புளித்த பால் ஊற்றி மெழுகியது. 19-ஆம் நூற்றாண்டில் அதை இடித்துவிடலாம் என்று முடிவாகியிருந்தது. பெய்னன் என்ற குருவானவர் விடாமல் அலைந்ததால் தப்பியது. 1896-இல், பழைய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு அதைப் பத்து பவுண்டுக்கு வாங்கியது. அந்த அமைப்பு வாங்கிய முதல் கட்டடம் அதுதான். பழுதுபார்க்க வாங்கிய விலையைவிடப் பலமடங்கு தேவைப்பட்டது, அந்த அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஆக்டேவியா ஹில் அதற்காக நன்கொடை கேட்டு எழுதினார். பெரியவர்தான் எங்களை அங்கே போய்ப் பார்க்கச் சொன்னார். போனோம். இரும்பு உத்திரம் வேண்டாம் என்று திரும்பி வரும் வழியில் முடிவெடுத்தோம்.

அடுத்த வேலை, அந்தச் சிமென்டை உடைத்து எடுப்பது. அனுமதி கிடைத்துவிட்டது. உறைபனியில் சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்துவிடும் என்பதால் மே மாதம் வரை காத்திருக்கிறோம். வெளியே தெரியும் ஓக்குக்குக் கறுப்புச் சாயமும் அடிக்கமாட்டோம். அது பெரும்பாலும் விக்டோரியா காலத்து மோகம், வெறும் ஓக் தானாக வெள்ளிச் சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். பூச்சு வேலைக்குக் கை கொடுக்க விரும்புகிறவர்கள் சொல்லுங்கள், பழைய துணியில் வாருங்கள், சாப்பாடு எங்கள் பொறுப்பு.

இரவல் தந்த ஈரம் உறிஞ்சும் இயந்திரங்களைத் துடைத்து வைத்திருக்கிறோம். ஒன்றில் மட்டும் யார் பெயரும் இல்லை, பச்சை மூடி போட்டது. உங்களுடையது என்றால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.