செயலாளர் ஆண்டறிக்கை – 2025

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, போஷகர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுச்சபைக்கு வந்திருக்கும் அங்கத்தவர்களே, வராமல் வீட்டிலிருந்து இதை வட்ஸ்அப்பில் வாசிக்கப்போகும் அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கடந்த பொதுச்சபைக் கூட்டம் நிறைவெண் இல்லாமல் ஒருமுறை ஒத்திவைக்கப்பட்டு, இரண்டாம் முறை யாப்பு அனுமதித்தபடி வந்தவர்களைக் கொண்டு நடத்தப்பட்டது. அதில் தெரிவான செயற்குழுவே இவ்வாண்டு பணியாற்றியது. செயற்குழுக் கூட்டங்கள் ஒழுங்காக நடைபெற்றன. யார் யார் வந்தார்கள் என்பது கூட்டக் குறிப்பேட்டில் இருக்கிறது, விரும்பியவர்கள் பார்க்கலாம்.

பொங்கல் விழா ஜனவரியில் வழமைபோல் நடந்தது. திருக்குறள் மனனப் போட்டி நடந்தது. கோடைகால விளையாட்டுப் போட்டியின்போது மழை பெய்ததால் கயிறிழுத்தல் நடைபெறவில்லை. வாணி விழாவில் சிறுவர்களுக்கு ஏடு தொடக்கப்பட்டது. இவ்வாண்டு நம்மைவிட்டுப் பிரிந்த அங்கத்தவர்களின் குடும்பங்களுக்கு எமது ஆழ்ந்த அனுதாபங்கள்.

இனி, உயர்கல்வி உதவி மேசை பற்றி, அதாவது நம்மவர்களில் வளர்ந்தவர்கள் மீண்டும் படிக்கச் சேர்வதற்கு வழிகாட்டி, படிவம் நிரப்பவும் உதவச் சங்கம் நடத்தும் மேசை பற்றி. 'சங்கத்தின் மண்டபக் காசில் செயலாளர் தன்ரை கடை நடத்துறார்' என்று ஓரிரு இடங்களில் பேசப்பட்டதாக என் காதுக்கு வந்தது. ஆகவே இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

லண்டனில் ஹரோ, வெம்பிளி, அல்பேட்டன் பகுதிகளில் வாழும் நம்மவர்களில் பலர் ஊரில், அதாவது இலங்கையில், உயர்தரம் (ஏ லெவல்) முடித்தவர்கள். சண்டையால் பல்கலைக்கழகம் போக முடியாமல் போனவர்கள், போய் இடையில் விட்டவர்கள், இங்கே வந்து பெற்றோல் நிலையத்திலும் கடைக் கல்லாவிலும் இருபது வருடம் நின்றவர்கள். பிள்ளைகளை யூனிவேசிற்றிக்கு அனுப்புவதற்கு என்ன படிவம், எந்தத் திகதி என்று மனப்பாடமாகத் தெரிந்த இவர்களுக்கு, தாங்களும் படிக்கலாம் என்பது தெரியாது. தெரிந்தாலும் நாற்பத்தைந்து வயதில் எந்தப் பல்கலைக்கழக வாசலில் போய் நிற்பது என்ற கூச்சம். அவர்களுக்கு உள்ள வழி பக்கத்துக் கொலிஜ்தான், அதாவது பல்கலைக்கழகம் அல்லாத, தொழிற்கல்வியும் உயர்கல்வியும் தரும் உள்ளூர்க் கல்லூரி. சனி, ஞாயிறில் நம் பிள்ளைகள் தமிழ் படிக்கும் அதே தெருவில், பஸ்ஸில் பத்து நிமிடத்தில், எச்.என்.சி. (உயர் தேசியச் சான்றிதழ்), எச்.என்.டி. (உயர் தேசிய டிப்ளோமா), ஃபவுண்டேஷன் டிகிரி என்று பட்டப்படிப்பின் முதலாமாண்டுக்கோ முதலிரு ஆண்டுகளுக்கோ சமமான கற்கைநெறிகள் நடக்கின்றன.

இதைச் சொன்னால் வரும் முதல் பதில்: 'கொலிஜோ? அது ஏ லெவல் கோட்டை விட்ட பெடியள் போற இடமெல்லே.'

இந்த நாட்டில் எச்.என்.சி. 1920களிலேயே தொடங்கிய தகுதி. பகலில் தொழிற்சாலை, இரவில் ரெக்னிக்கல் கொலிஜ் என்று படித்துப் பொறியியலாளரானவர்கள் இங்கே தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறார்கள். 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1993 ஏப்ரலில் கொலிஜுகள் உள்ளூராட்சிச் சபைகளின் கையிலிருந்து விடுபட்டுத் தனி நிறுவனங்களாயின. 1997இல், உயர்கல்வியை ஆராய அரசு அமைத்த டியரிங் குழு, பட்டத்துக்கு முந்திய நிலை உயர்கல்வியின் வளர்ச்சி கொலிஜுகளில்தான் நடக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2001இல் ஃபவுண்டேஷன் டிகிரி வந்தது. ஒரு காலத்தில் இங்கிலாந்தில் உயர்கல்வி பயின்றோரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் கொலிஜில் படித்தார். பத்தில் ஒருவரையும் 'கோட்டை விட்டவர்' என்று சொல்ல நமக்கு என்ன தகுதி என்று தெரியவில்லை.

இந்தப் படிப்புகளுக்குத் துணைநிற்கவென்றே அமைப்புகளும் இருந்தன. கொலிஜுகள் எல்லாவற்றுக்குமான சங்கமாக 1996 முதல் அசோசியேஷன் ஒஃப் கொலிஜஸ். உயர்கல்வி வகுப்புகளைப் பெருமளவில் நடத்தும் கொலிஜுகள் தமக்குள் சேர்ந்து அமைத்த மிக்ஸ்ட் எக்கொனமி குரூப். ஃபவுண்டேஷன் டிகிரிகளை வளர்ப்பதற்கென்றே அரச பணத்தில் ஃபவுண்டேஷன் டிகிரி ஃபோவேட். கொலிஜிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு ஏறும் படிகளை ஒழுங்குபடுத்த ஒவ்வொரு பிரதேசத்திலும் லைஃப்லோங் லேர்னிங் நெற்வேர்க்குகள். இவற்றில் பின்னிரண்டும், உயர்கல்விக்கு அரச காசைப் பகிர்ந்த நிதிச்சபையின் காசு நின்றதும் 2011 வாக்கில் மறைந்துவிட்டன. 2018இல் அந்த நிதிச்சபையே மூடப்பட்டு ஒஃபிஸ் ஃபோ ஸ்ரூடன்ற்ஸ் வந்தது. அது கண்காணிக்கும், பதிவு செய்யும், தண்டிக்கும். ஒரு அக்காவைப் பக்கத்தில் இருத்தி 'உங்களுக்கு இந்த வகுப்புச் சரிவரும்' என்று சொல்வது அதன் வேலையல்ல. முதல் இரண்டு அமைப்புகளும் கொலிஜுகளுக்காகப் பேசுகின்றன, படிக்க வருபவருக்காக அல்ல. நடுவில் உள்ள அந்த இடத்தில்தான் நம் மேசை இருந்தது. கணக்கறிக்கையில் 'இதர' என்ற தலைப்பின்கீழ்ப் போடப்பட்ட செலவு இதற்கானது. பொருளாளர் அதற்குத் தனித் தலைப்புக் கொடுக்க விரும்பவில்லை.

மேசைக்கு வந்தவர்களில் ஒரு அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். சிறுவர் பராமரிப்பு நிலையமொன்றில் உதவியாளராகப் பல வருடங்கள். பிளாஸ்ரிக் உறைக்குள், மஞ்சள் படிந்து லமினேற் செய்யப்பட்ட உயர்தரச் சான்றிதழைக் கொண்டுவந்தார். மேசையில் வைத்துவிட்டுக் கையை எடுக்கவில்லை. நான் வாசிப்பதற்காக இழுத்தபோதும் ஒரு மூலையைப் பிடித்தபடியே இருந்தார். அது எங்கள் ஊர்ப் பரீட்சைதானே, இங்கே செல்லுமா என்றார். வெளிநாட்டுச் சான்றிதழ்களை இங்குள்ளவற்றோடு ஒப்பிடும் யூ.கே. எனிக் அமைப்பிடம் ஒப்பீட்டு அறிக்கை எடுக்கலாம், பழைய பெயர் நாரிக் என்றேன். நாரிக் என்றதும் புரிந்தது. யாரோ இருபது வருடத்துக்கு முன் சொன்ன பெயர். அவருடைய ஆங்கிலத் தகுதி போதாதிருந்ததால் முதலில் அதற்கான வகுப்பு. இப்போது சிறுபராயக் கல்வியில் ஃபவுண்டேஷன் டிகிரி முதலாமாண்டு. வேலைசெய்யும் இடத்தையே பாடத்துக்குரிய களமாகக் கொள்வது இந்தப் பட்டத்தின் அமைப்பு; ஆகவே வேலையை விடவில்லை. முடித்தால் 240 கிரெடிற் (படிப்பின் அளவைக் காட்டும் புள்ளி). மேலும் ஒரு வருடம் பல்கலைக்கழகத்தில் படித்து 360 ஆக்கினால் முழுமையான ஒனேர்ஸ் பட்டம். அவருடைய மகள் இப்போது சூம் வகுப்புக்குத் தாயின் கணினியை இயக்கிக் கொடுக்கிறாளாம். இந்த அக்கா சங்கச் சந்தாவை ஜனவரி முதல் வாரத்திலேயே கட்டியவர் என்பதையும் பதிவு செய்ய விரும்புகிறேன்.

இரவு வேலை செய்யும் தம்பிமார் சிலர் மின்பொறியியலில் எச்.என்.சி. சேர்ந்துள்ளனர், வாரம் ஒருநாள் வகுப்பு, இரண்டு வருடம். உயர்தரச் சான்றிதழ் கையில் இல்லாதவர்களை, உயர்கல்விக்குள் நுழையத் தகுதி தரும் அக்ஸஸ் ரு எச்.ஈ. டிப்ளோமாவுக்கு அனுப்பினோம். அதற்கு எடுக்கும் கடன், பின்னர் உயர்கல்விப் படிப்பை முடித்தால் தள்ளுபடியாகிவிடும். இதைச் சொன்னபோது நம்பாதவர்களே அதிகம். 'அரசாங்கம் சும்மா விடுமோ?' என்பதே கேள்வி. கடனைப் பற்றிய பயம் நம்மவர்களுக்குச் சீட்டிலிருந்தே வந்தது. சீட்டுக்காரர் வீட்டு வாசலில் வந்து நிற்பார். மாணவர் கடனுக்கு யாரும் வாசலில் வருவதில்லை. 2023 ஓகஸ்டிலிருந்து தொடங்கியவர்களுக்கு, வருட வருமானம் 25,000 பவுண்ஸைத் தாண்டினால் தாண்டிய தொகையில் 9 வீதம் சம்பளத்தில் கழிபடும், தாண்டாவிட்டால் கழிவதில்லை, 40 வருடத்தில் மிச்சம் அழிக்கப்படும். 2025–26க்குப் பல்கலைக்கழகக் கட்டண உச்சம் 9,535 பவுண்ஸ். கொலிஜுகளில் பெரும்பாலும் அதைவிடக் குறைவு.

கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலைப்பட்டம் பெற்ற ஒரு அண்ணை, இங்கே கணக்கியலில் எச்.என்.டி. படிக்க ஆசைப்பட்டார். ஏற்கெனவே பட்டம் உள்ளவர்க்கு, அது எந்த நாட்டுப் பட்டமானாலும், அதே நிலையிலோ கீழ்நிலையிலோ உள்ள படிப்புக்கு இப்போதைய விதிப்படி பெரும்பாலும் கட்டணக் கடன் கிடையாது. 'முப்பது வருசமா என்ரை பட்டத்தை வேலை குடுக்கிறவன் ஒருத்தனும் கணக்கெடுக்கேல்லை, லோன் குடுக்கேக்க மட்டும் கணக்கெடுக்கிறாங்களோ?' என்று கேட்டார். நியாயமான கேள்வி. பதில் சொல்லவேண்டியவன் நானல்ல. ஆனால் அவர் அன்று முதல் சங்கத்துக்கு வருவதில்லை, சந்தாவும் வருவதில்லை.

இவ்வாண்டின் மிகப் பெரிய தலையிடி, துண்டுப்பிரசுரம் கொடுக்கும் முகவர்கள். 'சான்றிதழ் தேவையில்லை, வாரம் இரண்டு நாள் முகம் காட்டினால் போதும், வாழ்க்கைச் செலவுக்கான பராமரிப்புக் கடன் உங்கள் வங்கிக்கு வரும்' என்று நம்மவர் கடைகளுக்குள்ளேயே வந்து சொல்கிறார்கள். இவை ஊர்க் கொலிஜுகள் அல்ல. பல்கலைக்கழகமொன்றின் பெயரை வாடகைக்கு எடுத்து வகுப்பு நடத்தும் தனியார் இடங்களுக்கு ஆள் சேர்ப்பவர்கள். இப்படிப்பட்ட ஒப்பந்த வகுப்புகளில் மாணவர் கடன் துர்ப்பிரயோகம் பற்றி, அரச செலவைக் கணக்காய்வு செய்யும் நஷனல் ஓடிற் ஒஃபிஸ் 2024 ஜனவரியில் தனி அறிக்கையே வெளியிட்டது. எல்லா ஒப்பந்த வகுப்பும் மோசடி என்று நான் சொல்லவில்லை; நல்ல கொலிஜுகளும் பல்கலைக்கழகத்தின் பட்டத்தை ஒப்பந்தத்தில்தான் கற்பிக்கின்றன. ஆகவே மேசைக்கு வந்தவர்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னோம்: கற்பிப்பது யார், பட்டம் தருவது யார், கற்பிக்கும் இடம் ஒஃபிஸ் ஃபோ ஸ்ரூடன்ற்ஸ் பதிவேட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். கடன் எடுத்துவிட்டு வகுப்புக்குப் போகாவிட்டால் கடன் உங்கள் பெயரில்தான் நிற்கும், முகவர் பெயரில் அல்ல. வாழ்நாளில் கிடைக்கும் கடன் உரிமையும் அதோடு கரைந்துவிடும்.

இத்தகைய முகவர் ஒருவர் பொங்கல் விழாவுக்கு அனுசரணை தர முன்வந்தார். மேடைப் பதாகையில் தங்கள் பெயரும் மண்டப வாசலில் ஒரு மேசையும் கேட்டார். நான் மறுத்தேன். செயற்குழுவில் இருவர் என்னோடு நின்றனர், மற்றவர்கள் மண்டபக் கட்டணத்தை நினைவூட்டினர். கூட்டக் குறிப்பில் 'விவாதிக்கப்பட்டது' என்று மட்டும் இருக்கிறது. விவாதிக்கப்பட்டது என்பது மிக மென்மையான சொல். அந்தத் தொகை வராததால்தான் இவ்வாண்டு விழாவில் மதிய உணவு இல்லாமல் வடையும் தேநீருமாக முடிந்தது. சாப்பாடு இல்லை என்று முறையிட்டவர்களுக்கு இதுவே என் விளக்கம்.

நிதி நிலைமை பற்றிப் பொருளாளர் விரிவாகக் கூறுவார். சுருக்கமாக, வரவும் செலவும் ஏறக்குறைய ஒத்திருக்கின்றன. சிறிய துண்டு விழுந்துள்ளது. சேமிப்புக் கணக்கிலிருந்து அது ஈடுசெய்யப்பட்டது. கணக்காய்வாளர் சில ரசீதுகளைக் கேட்டிருக்கிறார், அவை தேடப்பட்டு வருகின்றன.

சந்தா பற்றிச் சொல்லாமல் முடியாது. குடும்பத்துக்கு வருடம் 25 பவுண்ஸ். இரண்டு பேர் ஒருமுறை வெளியே கொத்துரொட்டி சாப்பிடும் காசு. பதிவேட்டில் உள்ள குடும்பங்களில் பாதிக்கும் குறைவானவர்களே இவ்வாண்டு கட்டினர். கேட்டால் 'இண்டைக்கே வங்கிக்குப் போடுறன் அண்ணை' என்கிறார்கள். அந்த 'இண்டைக்கு' எந்த மாதத்தில் வருகிறது என்பது வங்கிக் கூற்றிலிருந்து தெரியவில்லை. மேசைக்கு வந்து மூன்று மணித்தியாலம் இருந்து படிவம் நிரப்பி, அனுமதிக் கடிதம் கிடைத்ததும் அதைத் தம் படத்தோடு முகநூலில் போட்டு, சங்கத்தை ஒரு வரியிலும் குறிப்பிடாதவர்களும் உண்டு. நன்றி எதிர்பார்த்துச் செய்யவில்லை. சந்தா எதிர்பார்த்தேன்.

நன்றிகள்: சலுகைக் கட்டணத்தில் மண்டபம் தந்த ஆலயப் பரிபாலன சபைக்கு, ஒலிபெருக்கி தந்தவர்க்கு, வடை சுட்ட மகளிர் அணிக்கு, ஒரு ஞாயிறு முழுவதும் நின்று நம்மவர்களின் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதிலளித்த கொலிஜ் உயர்கல்வி ஆலோசகருக்கு, தலைவர், பொருளாளர், செயற்குழுவினர் அனைவருக்கும்.

வரும் ஆண்டில் வேலை கூடப்போகிறது. இப்போதைய மாணவர் கடன் முறைக்குப் பதிலாக லைஃப்லோங் லேர்னிங் என்ரைற்றில்மென்ற் (வாழ்நாள் கற்றல் கடனுரிமை) வருகிறது. 2027 ஜனவரியிலிருந்து தொடங்கும் படிப்புகளுக்கு அது பொருந்தும். விண்ணப்பம் 2026 செப்ரெம்பரில் திறக்கும் என்று அறிவித்திருக்கிறார்கள். நான்கு வருடப் படிப்புக்குச் சமமான கட்டணக் கடன் உரிமை ஒருவருக்கு. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக, சில கற்கைகளில் ஒரு பாடப்பகுதிக்கு மட்டும்கூடப் பயன்படுத்தலாம். பட்டம் உள்ளவர்களைத் தடுத்த பழைய விதியும் எடுக்கப்படுகிறது. மேற்படி அண்ணைக்கு இதை யாராவது சொல்லவும், என் அழைப்பை அவர் எடுப்பதில்லை. வயதெல்லை அறுபது. நம் செயற்குழுவில் பலர் அந்த எல்லையைத் தாண்டிவிட்டதால் இதில் ஆர்வம் குறைவாக இருப்பது விளங்கிக்கொள்ளக்கூடியதே.

இந்த மேசை அடுத்த ஆண்டும் இருக்குமா என்பது என் கையில் இல்லை. கணினியில் படிவம் நிரப்பத் தெரிந்த, யூனிவேசிற்றி முடித்த இளையவர்கள் இரண்டு பேராவது வேண்டும். மாதம் ஒரு ஞாயிறு போதும். செயலாளர் பதவிக்கு இன்று நியமனங்கள் கோரப்படும். இத்தனை வருடம் இருந்துவிட்டேன், யாராவது முன்வந்தால் மகிழ்ச்சியோடு கோப்புகளை ஒப்படைப்பேன். யாரும் முன்வராத பட்சத்தில் சபையின் விருப்பம் எதுவோ அதற்குக் கட்டுப்படுவேன். ஆனால் அப்படித் தெரிவு செய்பவர்கள் உயர்கல்வி மேசைக்குக் கணக்கறிக்கையில் தனித் தலைப்பு ஒன்றையும் சேர்த்தே தெரிவு செய்ய வேண்டும் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

சந்தாப் படிவங்கள் தேநீர் மேசையில், வடைத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டுள்ளன. பேனாவும் இருக்கிறது.

இவ்வண்ணம்,
செயலாளர்